ஆலோசகரை வைத்திருக்கும் விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிப்பன், உறுதிமொழி, கல்லூரி மாணவர் பேரணி என்று ஊர் அமர்க்களப்படுகிறது. பேரணியில் தவறாமல் எழும் கோஷம், 'பரிசோதனை செய்துகொள்ளுங்கள்'. சரி, ஒருவர் செய்துகொள்கிறார். முடிவு 'பாசிட்டிவ்' என்று வருகிறது. அடுத்த அரைமணி நேரம் அவரோடு யார் உட்காருவது? அதற்காக அரசு வைத்திருப்பவர், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர். அவரை வைத்திருக்கும் விதம்தான் சரியில்லை. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். பேசுவதற்காக நியமிக்கப்பட்டவரின் பகல் பொழுதில் பாதியைப் பதிவேடுகளும் கணினிப் பதிவும் தின்றுவிடுகின்றன.

ஆலோசனை ஏதோ கருணையின் பேரில் தரும் சேவையும் அல்ல. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவதைச் சம்மதத்தின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறது. இன்னொரு பிரிவு அதைவிடக் கனமானது. தொற்றுள்ளவரின் நிலையை அவருடைய துணைக்குத் தெரிவிக்கும் அதிகாரம், மருத்துவத் துறையில் இரண்டே பேருக்குத்தான்: மருத்துவர், ஆலோசகர். அதுவும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. துணைக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்க வேண்டும்; நீங்களே சொல்லிவிடுங்கள் என்று முதலில் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்; அவர் சொல்லமாட்டார் என்று உறுதிப்பட்ட பிறகு, நான் சொல்லப்போகிறேன் என்று அவரிடமே அறிவிக்க வேண்டும். ஒரு குடும்பம் நிற்பதும் உடைவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. இத்தனை பெரிய பொறுப்பில் மருத்துவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சட்டம் உட்காரவைத்த ஆளை, ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்று நிர்வாகம் காக்கவைக்கிறது.

ஆலோசனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் சாத்தூரில் பார்த்தோம். கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தியில் நம் கோபமெல்லாம் ரத்த வங்கி மீது போனது, போக வேண்டியதுதான். ஆனால் ரத்தம் கொடுத்த இளைஞரின் கதையை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தது. அந்தத் தகவல் அவரை எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிந்துகொண்டார். தெரிந்ததும், தன் ரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாதே என்று தானே தகவல் சொன்னார். சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். பரிசோதனை நடந்திருக்கிறது, முடிவும் காகிதத்தில் இருந்திருக்கிறது. அழைத்து உட்காரவைத்துச் சொல்ல ஆள் மட்டும் இல்லை. இது ஆய்வகத்தின் பிழை என்பதைவிட, சொல்லவேண்டியதைச் சொல்லும் வேலையை யாரும் வேலையாகவே மதிக்காததன் பிழை.

இப்போது மருந்துதான் நன்றாக இருக்கிறதே, பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. மறுக்கவில்லை. ஆனால் அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில், டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் மருமகள் ராத்திரி எட்டு மணிக்கு எப்படி மாத்திரை போடுவாள்? அதற்கு விடை மருந்துச் சீட்டில் இருக்காது. பிறக்கும்போதே தொற்றுடன் பிறந்து இன்று பதின்வயதில் நிற்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 'சளி மருந்து' என்று சொல்லி விழுங்கவைத்த பிள்ளை ஒருநாள், 'சளியே இல்லையே, எதுக்கு?' என்று கேட்கும். அப்போது பாட்டியோ சித்தியோ என்ன சொல்ல வேண்டும், எந்த வயதில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது கற்றுத் தேர்ந்தவர் செய்யும் வேலை. தவறாகச் சொன்னால் பிள்ளை மருந்தை நிறுத்திவிடும். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு மசியாது.

புதிய தொற்று குறைந்துவிட்டது, மையங்களைக் குறைத்தால் என்ன என்பது இன்னொரு வாதம். நாட்டில் 2010-உடன் ஒப்பிட 2023-க்குள் புதிய தொற்று ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தது உண்மை. அதே சமயம் சுமார் 25 லட்சம் பேர் தொற்றுடன் வாழ்கிறார்கள், மருந்தின் புண்ணியத்தில் நீண்ட காலம் வாழ்கிறார்கள். வாழ்பவருக்குக் கல்யாணம் இருக்கிறது, பிள்ளைப்பேறு இருக்கிறது, வேலை மாற்றம் இருக்கிறது. ஆலோசகரின் வேலை இதனால் கூடத்தான் செய்யும். ஆலோசனைக்குத் தனி அறை, தனிப் பலகை என்றால் அதுவே ஒதுக்கிவைப்பதாகாதா என்று சிலர் கேட்கும் கேள்வியில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பலகையை வேண்டுமானால் எடுத்துவிடட்டும். அறை வேண்டும், அதற்குச் சாத்தக்கூடிய கதவும் வேண்டும். திரைக்கு அந்தப்பக்கம் அடுத்தவர் காத்திருக்கும்போது யார் மனம் திறப்பார்?

நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1994-இல் முதலில் அமைத்ததும் தமிழ்நாடுதான். அந்த முன்னோடிப் பெயர் மீது அக்கறை இருந்தால், எத்தனை ஆலோசகர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதை மாவட்டவாரியாக அரசு வெளியிடட்டும். இருப்பவர்களைப் பணி நிரந்தரம் செய்து, பதிவேட்டு வேலைக்குத் தனி ஆள் போடட்டும். அடுத்த டிசம்பர் 1 பேரணிக்கு முன்பே இதற்கான அரசாணை வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர்.