திப்பு சுல்தானுக்கு எத்தனை கைத்துப்பாக்கிதான் இருந்தது?

எனக்குத் தெரிந்து இந்த ஒரு வருஷத்தில் மூன்று வீடுகளுக்கு 'திப்பு சுல்தான் கைத்துப்பாக்கி' வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று பேருமே ரிட்டயராகிக் கையில் கொஞ்சம் பணம் பார்த்தவர்கள். மூன்றும் ஒரே அச்சு. பிடியின் முனையில் பித்தளைப் புலிமுகம். குழலின் மேல் ஆங்கில எழுத்தில் 'டிப்பு சுல்தான் 1799'. ஒரு நண்பர் எண்பத்தைந்தாயிரம் கொடுத்தார். இன்னொருவர் பேரம் பேசி அறுபதுக்கு முடித்தாராம், அதில் அவருக்குப் பெருமை வேறு.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தது, திப்பு அன்றைக்கே இறந்தார். கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே வரும் நேரத்தில், ராஜா தன் பட்டறைக்காரனைக் கூப்பிட்டு, 'என் பெயரை ஆங்கிலத்தில் வெட்டு, இங்கிலீஷ் வருஷமும் போடு' என்று சொல்லியிருப்பாரா? இந்த ஒரு கேள்வியை வாங்கும்போது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

திப்புவின் பட்டறைகளில் செய்த கைத்துப்பாக்கிகள் உண்மையிலேயே உண்டு. ஜோடியாகச் செய்வார்கள். ஒன்றில் விசைப்பொறி வலப்பக்கம் இருந்தால் மற்றதில் இடப்பக்கம் இருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. உடம்பெல்லாம் புலிக்கோடு. எழுத்து பாரசீகம். ஆண்டு மௌலூதி, அதாவது நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும்படி திப்பு தானே கொண்டுவந்த கணக்கு. 1799 என்ற எண்ணுக்கே அதில் இடமில்லை. கோட்டை விழுந்ததும் சிப்பாய்களும் அதிகாரிகளும் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போனார்கள், பெரும்பங்கு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டது. 2019-இல் அங்கே ஒரு வீட்டுப் பரணில் கிடந்த திப்புவின் துப்பாக்கி ஒன்று அறுபதாயிரம் பவுனுக்கு ஏலம் போனது. 2023-இல் அவருடைய படுக்கையறை வாள் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுன். அசலைக் கையில் வைத்திருப்பவன் லண்டனுக்குப் போன் போடுவானா, நம்மூர் பைபாஸ் ஓரம் கடை விரிப்பானா?

அடுத்த சரக்கு 'கிழக்கிந்தியக் கம்பெனி துப்பாக்கி'. தகட்டில் கிரீடம் பிடித்த சிங்கம், கீழே 1790 அல்லது 1765. பார்த்ததும் நம்மவர்கள் மயங்கிவிடுகிறார்கள். கம்பெனி தன் துப்பாக்கிகளில் முதலில் குத்தியது இதய வடிவ முத்திரை. அதை நான்காகப் பிரித்து எழுத்துகள் இருக்கும். சிங்கம் வந்ததே 1808 வாக்கில்தான். 1790 தகட்டில் சிங்கம் எப்படி ஏறும்? சிலதில் இங்கிலாந்து ராஜாவின் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் சிங்கத்தோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. 'டவர்' லண்டன் அரசாங்கத் தளவாடம், சிங்கம் கம்பெனியின் சொத்து. பெஷாவர் பக்கம் தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி அடிக்கிறார்கள், கைத்திறன் அபாரம். ஆனால் ஆங்கிலம் படிக்காமல் பார்த்து வெட்டுவதால் எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்க, ஆங்கிலேய ராணுவத்தினரே கடைத்தெருவில் ஏமாந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஆக, நம்மவர்கள் மட்டும்தான் ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை.

நான் சரித்திரப் பேராசிரியன் இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ரிட்டயரானவன். ஆயுதத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் ஆர்மரி கேட் வழியாக வேலைக்குப் போய்வந்தது ஒன்றுதான். ஆனால் இரும்பு என்னிடம் பொய் சொல்லாது. எண்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சாமானை நண்பர் என் கையில் கொடுத்தபோது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தார். மூன்று திருகாணிகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். மூன்றும் வெண்ணெய் மாதிரி இறங்கின. அங்கேயே கதை முடிந்தது. திருகாணி மரைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று விட்வொர்த் சொன்னதே 1841-இல்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு திருகாணியும் தனிப்பிறவி, ஒன்றின் ஓட்டையில் இன்னொன்று சாதாரணமாக ஏறாது. இங்கே இருந்ததெல்லாம் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் நவீன மரை.

பித்தளையை வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை ஊசிமுனையாகப் பள்ளம், அவசரத்தில் மண்ணில் வார்த்த வார்ப்பு. குழலுக்குள் டார்ச் அடித்தால் நீளவாக்கில் வெல்டிங் கோடு, அதாவது பைப். சிக்கிமுக்கிக் கல் வந்து உரசும் எஃகு முகப்பில் அரத்தை வைத்தேன், வாழைத்தண்டு மாதிரி அறுபட்டது. அசலில் அந்த முகப்புக்கு டெம்பர் ஏற்றியிருப்பார்கள், அரம் வழுக்கும், அப்போதுதான் பொறி பறக்கும். துரு ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டியது. இருநூறு வருஷத் துரு கறுத்து இறுகி உலோகத்தோடு ஒன்றாகியிருக்கும். தேய்மானம்தான் பெரிய வேடிக்கை. கை படும் இடமும் தேய்ந்திருக்கிறது, கையே போகாத மூலையும் அதே அளவு தேய்ந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: "விடுங்க சார், ஷோகேஸ்ல வைக்கிற அலங்காரச் சாமான். யாருக்கு என்ன நஷ்டம்?"

இந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அலங்காரச் சாமான் என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்குங்கள், நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். எண்பத்தைந்தாயிரம் கொடுத்தது பித்தளைக்கா, திப்புவுக்கா? அதோடு, நண்பர் வீட்டுத் துப்பாக்கியில் மருந்து பற்றும் துளையை நிஜமாகவே துளைத்து வைத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். தீபாவளியன்று பேரன் பட்டாசு மருந்தைக் கொட்டித் திணித்தால் அந்த வெல்டிங் பைப் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று யோசித்தாரா?

'ஆன்டிக் சார், லைசென்ஸ் தேவையில்லை' என்று விற்பவன் சொல்கிறான். பாதி உண்மையை முழுசாக விற்கிறான். 1959 ஆயுதச் சட்டம் தரும் விலக்கு, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு. போன வருஷம் செய்து, மருந்து போட்டால் வெடிக்கிற குழல் பழம்பொருளும் இல்லை, பொம்மையும் இல்லை. போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். விற்றவனுடைய போன் அதற்குள் சுவிட்ச் ஆஃப்.

அவனை மடக்க இன்னொரு வழி உண்டு. 1972 பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரப் பொருள்களை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். 'தம்பி, இது இருநூறு வருஷப் பொருள்தானே, உங்கள் உரிமத்தைக் காட்டுங்கள், பில்லில் வருஷத்தைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்' என்று கேளுங்கள். காட்டாவிட்டால் பொருள் பொய், அல்லது வியாபாரம் சட்டவிரோதம். எதுவானாலும் நீங்கள் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. நான் ஒருவனிடம் கேட்டேன். 'பெரியவருக்கு டீ சொல்லு' என்று பேச்சை மாற்றினான்.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டவர்களுக்கு இன்னொன்று. நம் பக்கத்துத் தஞ்சாவூரில் மராட்டிய ராஜாக்களின் ஆயுதசாலை இருந்தது. அரசு வாரிசில்லாமல் போன பிறகு, 1860-களில், வெள்ளைக்காரன் அதைப் பிரித்து நல்லதாகச் சிலதை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டான். அசலை எடைக்குப் போட்ட ஊரில் இன்றைக்குப் பழைய இரும்பை அசல் விலைக்கு வாங்குகிறோம். இன்னும் இருபது வருஷம் போனால் இந்தப் பேரன்கள் 'எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா திப்பு படையில் இருந்தார், இதோ அவர் துப்பாக்கி' என்று சொல்லப் போகிறார்கள். ஒரு நண்பர் இப்போதே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். மருமகள் வீட்டார் வந்தால் 'பரம்பரையா இருக்கு' என்கிறார்.

உங்கள் யார் வீட்டிலாவது உண்மையிலேயே பரம்பரையாகப் பரணில் ஏதாவது கிடந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பிராசோவும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். உள்ளே பழைய மருந்து கெட்டித்துக் கிடக்கக்கூடும், ஆகவே குழலை ஆள் பக்கம் நீட்டாமல், விசையைத் தொடாமல் வையுங்கள். அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள், எடைக்குப் போகாமல் தப்பிய தஞ்சாவூர் ஆயுதங்களும் அங்கேதான் இருக்கின்றன. சென்னைக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.