முன்பள்ளிச் சம்பளத்துக்குப் பாதுகாப்பு அமைச்சு எதற்கு?

மாண்புமிகு ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

2020 மே மாதம் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிஸாரால் கொல்லப்பட்ட பின்னர், பொலிஸுக்கான நிதியைக் குறைத்து வீடமைப்புக்கும் உளநல சேவைக்கும் ஒதுக்குமாறு அமெரிக்கர்கள் தத்தம் நகர சபைகளிடம் கோரினர். அங்கு பொலிஸாருக்குச் சம்பளம் வழங்குவது பெரும்பாலும் அச்சபைகளே. வன்னியில், கிளிநொச்சியின் கரைச்சிப் பிரதேச சபையிடம் அவ்வாறு கேட்பதில் பயனில்லை. இலங்கையில் பொலிஸும் படையும் மத்திய அரசின் நிதியில் இயங்குகின்றன. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு எழுத்தில் தந்த பொலிஸ் அதிகாரமும் நடைமுறைக்கு வரவில்லை. பாதுகாப்பு, நிதி ஆகிய இரு அமைச்சுகளும் தங்களிடமே இருப்பதால், படைக்கான நிதி பற்றிய வன்னியின் கோரிக்கை தங்களிடமே வருகிறது.

2017இல் முல்லைத்தீவின் பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதம் வீதியோரம் அமர்ந்து விமானப்படையிடமிருந்து காணியை மீட்டது பரவலாகப் பேசப்பட்டது. படையின் சம்பளப் பட்டியல் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 2025ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சுக்கு ஏறத்தாழ 442 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி மீண்டெழும் செலவினம், அதாவது சம்பளம், உணவு, பராமரிப்பு என ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. அவ்வமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம், ஊர்காவல் படையிலிருந்து 2006இல் உருவாக்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அது பண்ணை நடத்துகிறது, முன்பள்ளி ஆசிரியர்களுக்கும் சம்பளம் வழங்குகிறது. முன்பள்ளிகளின் மேற்பார்வை அரசியலமைப்பின்படி மாகாணத்துக்கு உரியது. ஆயினும் மாகாணத்தின் கீழ் கற்பிக்கும் ஆசிரியைக்குக் கிடைப்பதோ, சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் கற்பிப்பவர் பெறுவதைவிட மிகக் குறைந்த கொடுப்பனவு.

இங்கே ஓர் இடர்ப்பாட்டை மறைப்பது நேர்மையாகாது. 2018 ஜூனில் விசுவமடுவில் இத்திணைக்களத்தின் அதிகாரி ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது, முன்னாள் போராளிகள் உட்பட அவரிடம் வேலை பார்த்தவர்கள் கண்ணீருடன் வழியனுப்பினர். கொழும்பில் சிலர் அதை நல்லிணக்கத்தின் வெற்றி என்றனர், தமிழ்த் தேசியவாதிகள் சிலர் அவமானம் என்றனர். வேறு எவரும் மாதச் சம்பளம் தராத ஊரில் அது வயிற்றுப்பாட்டின் கணக்கு என்பதை இரு சாராரும் கவனிக்கவில்லை. ஆகவே அத்திணைக்களத்தின் நிதியை வெறுமனே வெட்டினால், முதலில் பட்டினி கிடப்பது படைமுகாமல்ல, போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களே.

வேண்டப்படுவது வெட்டு அல்ல, இடமாற்றம். இராணுவத்தை 2030க்குள் 1,00,000 பேராகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் முன்னைய அரசே அறிவித்திருந்தது. அதனால் மீதமாகும் பணம் எங்கு செல்லும் என்பதை எவரும் வன்னிக்குச் சொல்லவில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்பள்ளி ஆசிரியர்களுக்கான சம்பள ஒதுக்கீட்டை, வேலையும் சம்பள அளவும் குறையாமல், வடமாகாணக் கல்வி அமைச்சின் செலவினத் தலைப்புக்கும், பண்ணைத் தொழிலாளருக்கானதை மாகாண விவசாயத் திணைக்களத்துக்கும் மாற்ற வேண்டும். ஏனைய முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடக்காமல் ஆளுநரே நிருவகித்து வருவதால், அப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் சபையையும் தேர்தல் நடத்தி மீண்டும் அமைக்க வேண்டும்.