நிற்க

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது புழலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியும் நனைந்துவிட்டது. அதற்குள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்த அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள். வெயில் வந்ததும் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தேன். மைப்பேனாவில் எழுதியவை வெறும் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை பிழைத்தன.

அதுவரை அந்தக் கடிதங்களைப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் நான்கு வரி தாராளமாக இருக்கும். போகப் போக எழுத்து சிறுத்து, இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக ஏறி, ஒட்டும் மடிப்பு வரை போய்விடும். ‘விலை’ என்ற சொல்லில் ‘லை’யின் தலையில் யானைத் துதிக்கை வளைந்திருக்கும். அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது 1978இல். 1985இல் எழுதிய கடிதத்திலும் அப்பா அந்தத் துதிக்கையை விடவில்லை. நடுவில் ‘நிற்க’ என்று ஒரு சொல் வரும். அதற்கு முன்னால் அரிசி விலை, கப்பல் வராத நாட்கள். அதற்குப் பின்னால் வருவதுதான் அவர் அம்மாவிடம் சொல்ல நினைத்தது.

சீனத்தில் நான்காம் நூற்றாண்டில் வாங் ஷிஜி என்ற எழுத்துக்கலைஞர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். மொத்தமே 28 எழுத்துகள். பனி பெய்து வானம் வெளுத்துவிட்டது, நலமா என்ற விசாரிப்புதான். பின்னாளில் சியான்லுங் பேரரசர் அதன்மேல் முத்திரை முத்திரையாகக் குத்திக் கொண்டாடினார். மூலம் அழிந்துவிட்டது, தாங் காலத்தில் எடுத்த பிரதியைத்தான் தைபே அருங்காட்சியகத்தில் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே விரைந்தது என்பதையும் சேர்த்துப் படிப்பது அவர்கள் வழக்கம். நாம் கடிதத்தில் சேதியை எடுத்துக்கொண்டு தாளை எறிந்துவிடுகிறோம்.

எறியாத ஒருவர் நம்மிடமும் இருந்தார். உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார், 3,000க்கும் மேல். சி.வை. தாமோதரம் பிள்ளை எழுதியவை உண்டு. பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுக்காரர் தமிழிலேயே எழுதியதும் உண்டு. ஏடு தேடி அலைந்த கதையும் பாடம் கேட்டு வந்த ஐயங்களும் அந்தத் தாள்களில்தான் கிடக்கின்றன. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, அவை ‘கடிதக் கருவூலம்’ முதல் தொகுதியாக 2018இல் வந்தன. பெரிய உழைப்பு. ஆனால் அச்செழுத்தில் எல்லாருக்கும் ஒரே கை. அடித்துத் திருத்திய இடமும், நடுங்கிய கையும், ஓரத்தில் நுழைத்த வரியும் மூலத்தாளில் மட்டுமே உயிரோடு இருக்கும். அந்தத் தாள்களும் படமாக வெளிவர வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கும். அடுத்த மழைக்கு முன் இறக்கிவிடுங்கள். செல்போனில் படமெடுக்கும்போது முகவரிப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். அப்பா தேதி போடாத கடிதங்களுக்கு அஞ்சல் முத்திரையை வைத்துத்தான் நான் வருஷம் கண்டுபிடித்தேன்.