களவுபோன விக்கிரகங்களும் சர்வதேச ஒத்துழைப்பும்

அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோவிலில் களவுபோன நடராஜ விக்கிரகத்தை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தார் 2008-ம் வருஷம் சுமார் 50 லக்ஷம் அமெரிக்க டாலருக்கு வாங்கினர். 2014-ம் வருஷம் செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதம மந்திரி அதனை டில்லியில் திருப்பி ஒப்புவித்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் களவுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோப் படம் முக்கிய ருஜுவாயிற்று. அப்படி ஒரு படமுமில்லாத கிராமத்துக் கோவில்களின் கதி என்ன?

யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் 1970-ல் செய்த உடன்படிக்கையின் 7-வது ஷரத்தை அன்பர்கள் படித்துப் பார்க்க வேண்டும். ஜாபிதாவில் ஏறிய பொருளையே மீட்கலாம். இழந்த தேசமே தன் செலவில் ருஜுக் கொடுக்க வேண்டும். களவென்றறியாது வாங்கினவருக்கு நஷ்டஈடும் அளிக்க வேண்டும்! திருடன் விற்ற சொத்தில் வாங்கினவனுக்குப் பாத்தியதை பிறவாதென்பதே நாம் நியாயஸ்தலங்களில் கற்ற நியதி. விக்கிரகத்துக்கு மட்டும் வேறு நியாயமோ?

மந்திரிகளும் மியூசியம் அதிகாரிகளும் மாத்திரம் கூடிப் பேசுவது ஒத்துழைப்பாகாது. நம் சிற்றூர் அர்ச்சகரும் ஆப்பிரிக்கக் கிராமத்தாரும் தத்தம் பொருள்களைப் படமெடுத்துச் சேர்க்கக்கூடிய பொது ஜாபிதா ஒன்று வேண்டும். அதன் செலவில் பெரும்பங்கை வாங்கும் தேசங்களே ஏற்பது முறை. பொருள் வந்த வழியை வாங்கினவரே மெய்ப்பிக்குமாறு ஷரத்தைத் திருத்தும்படி இந்திய சர்க்கார் தாமதமின்றிக் கோர வேண்டும்.