பாட்டு இரண்டு நிமிடத்தில் பிறப்பதில்லை

பீட்டர் ஜாக்சன் 2021-இல் வெளியிட்ட 'கெட் பேக்' ஆவணப்படத்தில் பலரும் வியந்து பகிர்ந்த காட்சி ஒன்று உண்டு. நாள் 1969 ஜனவரி 7. இடம் லண்டனின் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளம். பீட்டில்ஸ் குழுவின் காலை ஒத்திகைக்கு ஜான் லெனன் இன்னும் வந்து சேரவில்லை. பால் மெக்கார்ட்னி தன் பேஸ் கிட்டாரின் தந்திகளை விடாமல் மீட்டியபடி சொற்களாக இன்னும் உருப்பெறாத ஏதோ ஒன்றை முனகுகிறார். எதிரில் அமர்ந்திருக்கும் ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். சில நிமிடங்களுக்குள் அந்த முனகலிலிருந்து 'கெட் பேக்' பாடலின் மெட்டு எழுந்து வருகிறது. ஒரு மேதையின் மனதில் பாட்டு உதிக்கும் கணத்தை நேரில் பார்த்துவிட்டோம் என்று ரசிகர்கள் பரவசப்பட்டார்கள். அந்தப் பரவசத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் தவறானது. அந்தப் படம் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடுகிறது. மெட்டு உதித்த நிமிடங்களை மட்டும் நினைவில் வைத்து மற்ற மணி நேரங்களை மறந்துவிட்டால், ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதையும், அதற்கு உழைத்தவர்கள் யார் யார் என்பதையும் தவறாகவே கணக்கிடுவோம்.

அன்று கிடைத்தது ஒரு மெட்டும் அரைகுறையான சில சொற்களும்தான். நாம் இசைத்தட்டில் கேட்கும் பதிவு கிடைத்தது ஜனவரி 27-ஆம் தேதி. இடைப்பட்ட இருபது நாட்களில் அந்தப் பாட்டு பலமுறை உருமாறியது. பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு எதிராக அப்போது கிளம்பியிருந்த வெறுப்பை எள்ளி நகையாடும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவை தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடியவை. இறுதி வடிவத்தில் அவை இல்லை. ஜனவரி 10 அன்று ஹாரிசன் குழுவை விட்டு வெளியேறினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்பி வந்தார். ஒத்திகையை சேவில் ரோ தெருவில் இருந்த தங்கள் ஆப்பிள் நிறுவனக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே புதிதாக அமைத்திருந்த ஸ்டுடியோ எதற்கும் உதவாது என்று தெரிந்ததும், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இ.எம்.ஐ. நிறுவனத்திலிருந்து கருவிகளை வரவழைத்தார். 22-ஆம் தேதி, ஹாம்பர்க் இரவு விடுதிகளில் வாசித்த நாட்களிலிருந்தே பழக்கமான பில்லி பிரெஸ்டன் வந்து மின் பியானோவில் அமர்ந்தார். அதன் பிறகும் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் பொருத்தமான டேக்கை எட்டினார்கள். அப்போதும் வேலை முடியவில்லை. பாட்டின் கடைசிப் பகுதியை மறுநாள் பதிவிலிருந்து எடுத்து ஒட்டினார்கள்.

அந்த இருபது நாட்கள் பாட்டுக்குக் கொடுத்தவை அலங்காரங்கள் அல்ல. ரிங்கோ ஸ்டார் ஸ்நேர் டிரம்மில் எழுப்பும் குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வேறு பாட்டு. பிரெஸ்டனின் மின் பியானோ தனி ஆவர்த்தனம் இல்லாமல் அந்தப் பதிவை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். முன்னணி கிட்டார் பகுதியை வாசித்தவர் லெனன். தாளத்தை இழுத்துப் பிடிக்கும் கிட்டார் வெட்டுகள் ஹாரிசனுடையவை. 1969 ஏப்ரலில் பாட்டு வெளியானபோது இசைத்தட்டில் 'பீட்டில்ஸ், பில்லி பிரெஸ்டனுடன்' என்று அச்சிட்டார்கள். அது நேர்மையான செயல். ஆனால் பாட்டை உருவாக்கியவர்கள் என்ற இடத்தில் லெனன், மெக்கார்ட்னி என்ற இரண்டு பெயர்களே உள்ளன. இருவரில் யார் எழுதினாலும் இருவர் பெயரையும் போடுவது என்று அவர்கள் இளமையிலேயே செய்துகொண்ட உடன்பாடு அது. மெட்டு உதித்த நேரத்தில் அங்கே இல்லாத லெனன் பெயர் பட்டியலில் இருக்கிறது. எதிரிலேயே உட்கார்ந்து, விரைவில் தாமும் சேர்ந்துகொண்ட ஹாரிசன், ரிங்கோ பெயர்கள் இல்லை. அந்த உடன்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆக்கியவர் யார் என்ற பதிவேடு மனிதர்கள் கூடிப் பேசி எழுதுவது, இயற்கை விதி அல்ல என்பதையே அது காட்டுகிறது. பேசி எழுதுவதை இன்னும் நியாயமாகவும் எழுத முடியும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு பீட்டில்ஸ் வரலாற்றிலிருந்தே வருகிறது. 1963 பிப்ரவரி 11 அன்று அபி ரோடு ஸ்டுடியோவில், காலை முதல் இரவு வரை ஒரே நாளில், தங்கள் முதல் ஆல்பத்துக்கு வேண்டிய பத்துப் பாடல்களை அவர்கள் பதிவு செய்தார்கள். லெனனுக்குக் கடுமையான சளி. தொண்டை கிழியப் பாட வேண்டிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடலை அதனாலேயே கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். திறமை இருந்தால் ஒரு நாள் போதாதா, ஒத்திகைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். 1960 முதல் 1962 வரை ஐந்து முறை ஹாம்பர்க் சென்று, இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசித்திருந்தார்கள். லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் நூற்றுக்கணக்கான முறை மேடையேறியிருந்தார்கள். அன்று பதிவான பாடல்களில் பல அந்த மேடைகளில் பதம் பார்க்கப்பட்டவை. ஒரே நாளில் முடிந்தது பதிவுதான். ஒத்திகை அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் நடந்து முடிந்திருந்தது. அந்த உழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் மணிக்கணக்கு இல்லை என்பதற்காக அது நடக்காததாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. விதை மெக்கார்ட்னியுடையது, அது இல்லாவிட்டால் மற்றவர்கள் எதற்குத் தாளம் போடுவார்கள்? மெட்டை அமைத்தவருக்கும் உடன் வாசித்தவருக்கும் வேறுபாடு இல்லையா? இருக்கிறது. மெட்டைத் தந்தவருக்குப் பெரும் பங்கு செல்வதே முறை. ஆனால் பெரும் பங்கு என்பது முழுப் பங்கு அல்ல. புரோகால் ஹாரம் குழுவின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டு 1967-இல் வெளிவந்தது. கேட்டவர் எவர் நினைவிலும் முதலில் வருவது அதன் ஆர்கன் இசை. அதை வாசித்த மேத்யூ ஃபிஷரின் பெயர் ஆக்கியவர்கள் பட்டியலில் இல்லை. 2005-இல் அவர் வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றம் இசைக்கான உரிமையில் 40 விழுக்காட்டை அவருக்கு அளித்தது. மேல்முறையீடுகளைக் கடந்து 2009-இல், அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுத் தாமதமும் அவர் உரிமையை அழிக்கவில்லை. சேர்ந்து வாசிக்கும் வேளையில் பிறப்பதும் ஆக்கமே என்பதைச் சட்டம் ஏற்றது. அந்த ஏற்பைப் பெற ஒரு கலைஞர் முதுமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

எல்லோருக்கும் பங்கு என்றால் குழுவில் சண்டைதான் மிஞ்சும் என்பது மூன்றாவது மறுப்பு. சண்டை பங்கு கொடுப்பதால் வருகிறதா, கொடுக்காததால் வருகிறதா? ஹாரிசன் வெளியேறியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. தன் பாடல்களுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவற்றில் ஒன்று. அந்த ஜனவரியில் அவர் கொண்டுவந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாடலைக் குழு பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத் தன் ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டது. 1970-இல் அதே பெயரில் அவர் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டார். மறுபக்கம், அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். குழு தன் பாடல்களை நான்கு உறுப்பினர் பெயரிலும் சமமாகப் பதிவு செய்து நீண்ட காலம் இயங்கியது. குயீன் குழு 1989-இல் வெளியான 'தி மிராக்கிள்' ஆல்பத்தில் பாடல்களைக் குழுவின் பெயரிலேயே வெளியிட்டது. சமப் பங்கு எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பங்கு பேசினாலே குழு உடைந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியவை அப்படியொன்றும் கடினமானவை அல்ல. ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன்பே, யாருக்கு என்ன பங்கு என்பதைக் குழு எழுதிக்கொள்ளட்டும். புதிய பகுதி ஒன்றை யாராவது உருவாக்கினால் அன்றே குறித்துவைக்கட்டும். வெளியிலிருந்து அழைக்கப்படும் கலைஞருக்குப் பதிவு நேரத்துக்கு மட்டுமன்றி ஒத்திகை நேரத்துக்கும் ஊதியம் தரட்டும். பாட்டைக் கேட்கத் தரும் செயலிகள் பாடகர் பெயருக்குக் காட்டும் அக்கறையை, வாசித்தவர் ஒவ்வொருவர் பெயருக்கும் காட்டட்டும். ரசிகர்களுக்கும் இதில் கடமை உண்டு. மெட்டு பிறந்த காட்சியைப் பார்ப்பவர்கள் ஜனவரி 27 வரையிலான மீதிப் படத்தையும் பார்க்க வேண்டும். சலிப்பும் தடுமாற்றமும் நிறைந்த அந்த நாட்களில்தான் ஒருவரின் முனகல் ஐந்து பேரின் பாட்டாக ஆனது. அந்த ஐந்து பேரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பாராட்டும் ஊதியமும் அரைகுறையானவையே.