ஏவுகணையிடம் தப்பிக்க வேகம் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது, "இதன் வேகம் போதுமா சார்?" என்பதுதான். வேகத்தைவிட, அதற்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. உங்கள் பிள்ளைகள் விளையாடும் போர் விமான கேம்ஸையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

துரத்தி வரும் ஏவுகணை, விமானத்தைவிட வேகமானது. ஆனால் வேகமாகப் போவது சட்டென்று திரும்ப முடியாது. வேகத்தின் வர்க்கத்தைப் பக்கவாட்டு முடுக்கத்தால் வகுத்தால், திரும்பும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். விமானத்தின் வேகம் நொடிக்கு 250 மீட்டர், முடுக்கம் 80 என்று வைத்தால் ஆரம் சுமார் 780 மீட்டர். ஏவுகணைக்கு 1000 மீட்டர், 300 என்று வைத்தால் 3,300 மீட்டருக்கு மேல்! விமானம் தப்பிக்க வழி இங்கேதான் இருக்கிறது.

எப்போது திரும்புவது? முன்னதாகத் திரும்பினால் ஏவுகணை தன் பாதையைத் திருத்திக் கொள்ளும். தாமதித்தால் விமானம் காலி. இதைக் கணக்கிடும் துறைக்கு ஆப்டிமல் கன்ட்ரோல் என்று பெயர். சோவியத் கணித மேதை லெவ் பொன்ட்ரியாகினும் அவரது மாணவர்களும் 1956-ல் இதன் அடிப்படை விதியை வெளியிட்டனர். 14 வயதில் பார்வையை இழந்தவர் அவர். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரூஃபஸ் ஐசக்ஸ், துரத்துபவரையும் தப்புபவரையும் இரு ஆட்டக்காரர்களாக வைத்து ஆராய்ந்தார். அவரது 'டிஃபரன்ஷியல் கேம்ஸ்' நூல் 1965-ல் வந்தது. எளிமையாக்கிய கணக்குகளில் வரும் விடை சுவையானது: முழு பலத்தோடு ஒரு பக்கம் திரும்பு, சரியான நொடியில் முழு பலத்தோடு மறுபக்கம் திரும்பு.

இந்த விடையைக் கம்ப்யூட்டர் தானாகத் தராது. இயக்கத்தின் சமன்பாடு என்ன, எல்லைகள் எவை, எது 'சிறந்தது' என்ற மூன்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஏவுகணை அதிக தூரம் விலகிப் போக வேண்டுமா, எரிபொருள் மிச்சமாக வேண்டுமா? குறிக்கோள் மாறினால் பாதையும் மாறும். தவறான குறிக்கோளைக் கொடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த பிராசஸரும் தவறான பாதையைத்தான் வேகமாகத் தரும். அதற்கு விலை கொடுப்பவர் விமானி.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஒரு வரிசைக்கு 0.1 நொடி. விமானம், ஏவுகணை இரண்டின் இடத்தையும் திசையையும் தனித்தனிக் காலங்களில் எழுதுங்கள். ஏவுகணை விமானத்தை நோக்கியே திரும்பட்டும், ஆனால் வரிசைக்கு 1.7 டிகிரிக்கு மேல் கூடாது. உண்மையான ஏவுகணைகள், விமானம் போய்ச் சேரப் போகும் இடத்தைக் குறி வைக்கும். என்றாலும் பழகிக் கொள்ள இது போதும். விமானம் எந்த வரிசையில் திரும்புகிறது என்பதை மட்டும் மாற்றி மாற்றி, சார்ட் போட்டுப் பாருங்கள்.

கேம்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "பிள்ளையின் படிப்புக்கு" என்று சொல்லித்தானே கம்ப்யூட்டர் வாங்கினோம்? பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் வகைக்கெழு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சார்ட்டைக் காட்டுங்கள்.