கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்!

பேரன் 8-வது மாதத்திலேயே பிறந்துவிட்டான். பாட்டி ஊரில் இருந்து ஓடி வருகிறார். கையில் ஒரு சிறு கிண்ணம். அதில் சர்க்கரைத் தண்ணீர். குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நர்சு தடுக்கிறார்.

"பாட்டி, உள்ளே போகாதீர்கள்."

"என் பேரனை நான் தொடக் கூடாதா?"

பாட்டிக்குக் கோபம். கூட வந்தவர்களுக்கும் கோபம்.

இந்தக் கோபம் நியாயமா? இல்லை. பாட்டியின் அன்பில் குறை இல்லை. ஆனால், அன்பான கையிலும் கிருமி இருக்கும்.

பிஞ்சு உடல்

குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. நோயைத் தடுக்கும் சக்தியில் பெரும் பகுதி, கடைசி 3 மாதங்களில்தான் தாயிடம் இருந்து குழந்தைக்குப் போகிறது. முன்னதாகப் பிறந்தால், அந்தச் சக்தி குறைவு.

மருந்து ஏற்ற ஒரு குழாய். மூச்சு விட ஒரு குழாய். பால் செலுத்த ஒரு குழாய். உயிரைக் காக்கும் இந்தக் குழாய்களே கிருமிக்கும் வழியாகிவிடலாம்.

கிருமிக்குக் கால் இல்லை. பெரும்பாலும் அது பெரியவர்களின் கையில் ஏறித்தான் ஒரு குழந்தையிடம் இருந்து மறு குழந்தைக்குப் போகிறது.

வியன்னாவில் நடந்தது

கை கழுவினால் உயிர் பிழைக்கும் என்பதை 1847-ம் ஆண்டிலேயே ஒரு டாக்டர் காட்டினார். அவர் பெயர் செம்மல்வைஸ். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

அங்கே பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த வார்டைவிட, டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் சாவு அதிகம்!

காரணம் என்ன? டாக்டர்கள் பிணத்தை அறுத்துச் சோதித்த பிறகு, கையைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பிரசவம் பார்க்க வந்தார்கள்.

குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவும்படி மே மாதம் அவர் உத்தரவிட்டார். ஏப்ரலில் 100 தாய்மார்களில் சுமார் 18 பேர் இறந்தார்கள். ஜூனில் அது சுமார் 2 ஆகக் குறைந்தது.

ஆனாலும் பல டாக்டர்கள் அவரை நம்பவில்லை. தங்கள் கையே நோயைக் கொண்டு வந்தது என்பதை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்று வாசலில் நிற்கும் உறவினர்களுக்கும் அதே மனம்தான்!

செய்ய வேண்டியது

மோதிரம், வளையல், கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சோப்புப் போட்டு 40 முதல் 60 வினாடி வரை கழுவுங்கள். விரல் இடுக்கு, நக நுனி, கட்டை விரல் எதையும் விடாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். சேனையும் வேண்டாம். தாய்ப்பாலே முதல் மருந்து.

ஆனால், தாயைத் தடுக்கக் கூடாது. அவர் பார்வையாளர் அல்ல. குறைமாதக் குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கும்படி, உலக சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டு கூறியது. இதனால் கிருமித் தொல்லையும் குறைகிறது.

ஆஸ்பத்திரிக்கும் கடமை உண்டு. குழாயில் தண்ணீர் வர வேண்டும். சோப்பு இருக்க வேண்டும். போதிய நர்சுகள் வேண்டும். ஒரே நர்சு பல குழந்தைகளிடம் ஓடினால், கை கழுவ நேரம் ஏது?

"கை கழுவிவிட்டீர்களா?" என்று டாக்டரிடமும் தாய் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டதற்காக யாரும் அவர்மீது கோபப்படக் கூடாது. பேச முடியாத குழந்தைக்காக வேறு யார் பேசுவார்?

பாட்டியும் சில நாள் பொறுக்கட்டும். பிறகு பேரனை ஆயுள் முழுவதும் கொஞ்சலாம்!